அக்கா குடித்த ஆக்சிஜன் தண்ணீர்

பட்டினச்சேரிப் பக்கம் ஓர் இறால் குஞ்சுப் பண்ணையில் எனக்கு பேக்கிங் வேலை. பாலிதீன் பையில் கொஞ்சம் தண்ணீர், குஞ்சுகள், மிச்ச இடமெல்லாம் சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன். இறுக்கி ஒரு ரப்பர் பேண்டு. நான் கட்டிய பையில் குஞ்சு செத்ததாக ஒரு பயலும் சொன்னதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

வரிச்சிக்குடியில் இருக்கும் அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய். ஏழு வாரம் கதிர்வீச்சு என்றார்கள். நாங்கள் கரண்டு வைப்பது என்போம்.

"கட்டிக்கு நடுவுல ஆக்சிஜன் சரியா போறதில்லைங்க. அங்க கரண்டு அவ்வளவா வேலை செய்யாது," என்றார் டாக்டர். கண்ணுக்குத் தெரியாத குமிழிகளில் ஆக்சிஜனை அடைத்து, ரத்தத்தில் ஏற்றி, கட்டிக்குள் போனதும் ஒலி அலையால் உடைத்துவிடுவதை எங்கெங்கோ ஆராய்கிறார்களாம். "இங்கல்லாம் இன்னும் வரலைங்க."

வராவிட்டால் போகட்டும். ஆக்சிஜன் என் தொழில், எவனைக் கேட்க வேண்டும்? மறுநாளிலிருந்து தினமும் குடிதண்ணீரில் ஆக்சிஜன் விட்டு ஒரு பை கட்டினேன். அக்கா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் கொண்டுபோய் நீட்டுவேன்.

"ஏண்டா, என்னையும் இறால் குஞ்சுன்னு நெனச்சிட்டியா?" என்பாள். பையை வாங்கிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போவாள். ரொம்ப நேரம் கழித்துக் காலிப் பையோடு வருவாள். பஸ் போய்விடும் என்று நான் வாசலில் நின்று கத்துவேன்.

எல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். ஓரமெல்லாம் கரைந்துவிட்டது. நடுவில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது என்றார் டாக்டர். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தண்ணீர் விஷயத்தைச் சொல்லி, அப்புறம் எப்படி என்று கேட்டேன். குடிப்பது வயிற்றுக்குத்தான் போகும், கட்டிக்குப் போகாது என்று பொறுமையாகச் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்காவிடம் கேட்டேன். "ஒனக்குத் தெரியுமா இது?"

"மொத வாரமே நர்ஸம்மா சொல்லிட்டாங்க."

"அப்பறம் என்னத்துக்குக் குடிச்ச? கொல்லையில ஊத்தித் தொலைச்சிருக்கலாம்ல?"

"ஒரு நாள் ஊத்துனேன். மனசு கேக்கலடா."

எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, வாயிலிருந்த எச்சிலை விழுங்கினாள். அதற்கே அவளுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.