நான் விழுந்த பொய்வழிகள்

தென்காசியில் சாரல் பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டுச் சதுரங்கக் காய்கள் ஈரத்தில் கனத்து, எடுக்கும்போதெல்லாம் வார்னிஷ் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். ஐம்பதுகளின் கடைசியில், பத்து வயதில், அந்தப் பிசுபிசுப்பு பட்டாலே விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து ஓடப் பார்ப்பேன்.

என் அண்ணன் சதுரங்கப் புதிர் கட்டுகிறவன். காய்களை ஒரு நிலையில் நிறுத்தி, வெள்ளை இரண்டே நகர்த்தலில் கறுப்பு ராஜாவை மடக்க வேண்டும் என்று கேள்வி போட்டு, மதராஸ் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்புவான். அனுப்புவதற்கு முன்னால் என்னை உட்காரவைத்து, "வழி சொல்லுட்டி" என்பான். சரியான வழி ஒன்றுதான் உண்டு; அதைப் போலவே தோன்றுகிற தப்பான வழி ஒன்றையும் பக்கத்திலேயே அமைத்திருப்பான். எங்கள் வீட்டில் அதற்குப் "பொய்வழி" என்று பேர். நான் தவறாமல் அதில்தான் போய் விழுவேன்.

ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தியபோது அப்பா, "இவளுக்கு மண்டைல ஏறாது" என்று சொல்லியிருந்தார். விழும்போதெல்லாம், அப்பா சொன்னது சரிதான் போல என்று உள்ளுக்குள் குறுகிப்போவேன்.

ஒரு ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை, அண்ணனின் சிநேகிதர், மேலகரத்துத் தபாலாபீஸ் கிளார்க், வந்திருந்தார். அன்றைய புதிரை முதலில் அவர் போட்டுப் பார்த்து, வழி கிடைக்காமல் விட்டார். அடுத்து நான் ராணியை ஒரு கட்டம் ஒதுக்கி வைத்தேன். செக் இல்லை, வெட்டு இல்லை, சாதுவான நகர்த்தல். கறுப்பு ராஜா எந்தப் பக்கம் போனாலும் என்னிடம் பதில் இருந்தது. கறுப்புக் குதிரை தாவினாலும் இருந்தது. சும்மா நிற்கிறதே என்று நினைத்த யானைக்கும் அதில் வேலை கிடைத்தது. இத்தனையும் பொருந்தி வந்த பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? அண்ணன் ஓரத்தில் கிடந்த கறுப்புச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான். என் யானை ஓட வேண்டிய வரிசை அடைபட்டுப்போனது.

கிளார்க் தொடையில் தட்டிச் சிரித்தார். காப்பி எடுக்கிற சாக்கில் அடுக்களைக்குள் ஓடி, இனிமேல் அந்தப் பலகைக்கு முன்னால் உட்காருவதே இல்லை என்று முடிவு செய்துகொண்டேன். அவர்கள் பேச்சு அங்கே கேட்டது.

"ஏலே, இந்த மண்டுவ வச்சா சோதிச்சுப் பாக்க? எப்பப் பாத்தாலும் விழுதா. நான் விழுந்தனா?"

"நீ எங்கலே விழுவ? கண்ட இடத்துல செக்கு வச்சுக்கிட்டு கெடந்த. அந்த வழி இருக்குன்னே உனக்குத் தெரியல. பொய்வழில விழணும்னா முக்கால்வாசி தூரம் சரியா பாக்கத் தெரியணும்லா? அவ அத்தனையும் பாத்துட்டு, கடேசி ஒண்ணுல விழுதா. அவ விழுந்தாத்தான் பொய்வழி நல்லா அமைஞ்சிருக்குன்னு நான் கவரையே ஒட்டுதேன்."

"அப்ப நான் எதுக்கு?"

"நீ காப்பி குடிக்க வந்திருக்க. குடிச்சிட்டுப் போ."

டம்ளர் விரலைச் சுட்டதுகூட உறைக்காமல் நின்றேன். பிறகு காப்பியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, யாரும் கூப்பிடாமலேயே பலகைக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒட்டுக்கேட்டதை அண்ணனிடம் கடைசிவரை சொல்லவில்லை; சொல்ல வெட்கம். அதற்குப் பிறகும் எத்தனையோ புதிர்களில் விழுந்தேன், நிம்மதியாக விழுந்தேன்.

இப்போது அண்ணன் இல்லை. நான் பார்க்கிற பத்திரிகைகளில் அந்தப் புதிர்களும் வருவதில்லை. போன வாரம், நினைவில் இருந்த அந்த ராணிப் புதிரைப் பேத்தியிடம் சொன்னேன். அவள் செல்போனில் காய்களை வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். சரியான விடை உடனே வந்துவிட்டது.

"இது ஏமாறவே ஏமாறாது ஆச்சி" என்றாள் பெருமையாக.

அண்ணனுக்கு அது ஒன்றுக்கும் உதவியிருக்காது.