புருலின் பெயரில் ஐந்து வருஷம்

“இருபத்திரெண்டு வருஷமா நின்ன காலுடி இது! ஒத்தத் தாள்ல எப்படி உட்காரும்?”

காலையிலிருந்து அனார்குல் இதைச் சொல்லிச் சொல்லியே மூன்று தேநீர்க் கிண்ணங்களைக் காலி செய்துவிட்டாள். ஓஷ் நகரத்துப் புதுப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமைச் சமையல்காரி வேண்டுமாம். அந்த வேலை கிடைத்தால் ஊரிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் வசந்தத்தில் மறுபடி மாஸ்கோ பஸ். மகள் மீரிமுக்கு அந்த பஸ்ஸின் புகை வாடைகூட ஆகாது. அதனால்தான் அம்மா பார்த்த வேலைகளை ஒரே தாளில் எழுதி விண்ணப்பம் போட, பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

அனார்குல் உத்தரவு போடுகிற ஜாதி. யார் வீட்டுக்குப் போனாலும் ரொட்டி குப்புறக் கிடந்தால் அபசகுனமென்று முதலில் அதைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் வணக்கம் சொல்வாள். மாவை மோந்து பார்த்தே எந்த ஆலை என்பாள்.

“ஆஸ்பத்திரியில பாத்திரம் கழுவுனத எழுது. சந்தையில கறி வச்ச சம்சா சுட்டத எழுது, போலீஸ்காரன் தொரத்துனத எழுதாத. கம்பளி அலசுனத விட்டுடு. தாள மோந்து பாத்தா ஆட்டு நாத்தம் வரும்.”

“மாஸ்கோவ விட்டுட்டியேம்மா? முந்நூறு பேருக்கு ஆக்கிப் போட்டியே, அதுதானே பெருசு!”

அனார்குலின் குரல் முதல் தடவையாக இறங்கியது.

“அது புருல் பேருல இருக்குடி.”

மீரிமின் பேனா நின்றுவிட்டது. ஐந்து வருஷம் ரஷ்யாவுக்குள் நுழையக் கூடாதென்று அம்மா மேல் தடை இருந்தது அவளுக்குத் தெரியும். முகச்சாயல் ஒத்துப்போன ஓர்ப்படி புருலின் பாஸ்போர்ட்டில்தான் எல்லை தாண்டினாள் என்பது தெரியாது. பதிலுக்கு வருஷத்துக்கு ஒரு கம்பளிக் கோட்டு புருலுக்கு.

“வேலை பாத்தது யாரு?”

“நான்தான்.”

“அப்ப எழுதறேன்.”

எழுதினாள்.

மறுநாள் பள்ளி நடைவழியில் பத்துப் பெண்கள் காத்திருந்தார்கள். எழுத்தர் கதவைத் திறந்து, “புருல்!” என்று கூப்பிட்டார். ஐந்து வருஷப் பழக்கம். அனார்குல் சட்டென்று எழுந்து, “வந்தேன்!” என்றாள்.

கோடியில் இன்னொருத்தியும் எழுந்தாள். கம்பளிக் கோட்டு, கையில் முத்திரை குத்திய மாஸ்கோ சான்றிதழ். நிஜப் புருல்! வெந்நீர் வைத்தாலே அடிப்பிடிக்க வைக்கிற புருல்! மீரிமுக்குத் திறந்த வாய் மூடவில்லை.

தலைமையாசிரியை ஜிபார் இருவரையும் உள்ளே அழைத்து இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். அதே உணவுக்கூடம், அதே ஐந்து வருஷம், அதே முந்நூறு பேர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். எழுத்து மாறவில்லை.

“பேரு என்னுது, முத்திரை என்னுது. இதுக்கு மேல என்ன வேணும்?” என்றாள் புருல், கோட்டை நீவிக்கொண்டே.

“ஒரே அடுப்புல ரெண்டு பேரா? யாரு பொய் சொல்றீங்க?” என்றார் ஜிபார்.

உண்மையைச் சொன்னால் அடுத்தவள் பாஸ்போர்ட்டில் போனது அம்பலமாகும். பின்னாலேயே நுழைந்திருந்த மீரிம், அம்மா தலையில் கட்டிய பூப்போட்ட சால்வையின் நுனியைப் பிடித்து இழுத்தாள். அனார்குல் அதை விடுவித்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள்.

“பொய் சொன்னது பாஸ்போர்ட்டு, மேடம். எழுதுனது நான்தான், அதுக்கு யாரு கேட்டாலும் நானே பதில் சொல்லிக்கறேன். நீங்க ஆளுக்கு ஒரு மூட்டை மாவு குடுங்க. மத்தியானத்துக்குள்ள உங்க புள்ளைங்க எல்லாத்துக்கும் நான் ரொட்டி எடுத்துடறேன். அதுக்குள்ள இவ மூட்டையில கட்டுன கயித்த அவுத்திருந்தா, வேலைய இவளுக்கே குடுத்துடுங்க!”