நாடாப் புண்

ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரித் தோப்பில் சருகு கூட்டிய என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. ஊசி போட்டும் விடவில்லை. அரியலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மூச்சு வாங்கியது. பிழைப்பாள் என்று யாரும் சொல்லவில்லை.

உடம்பில் பூச்சி கடித்த தடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். பார்க்க வந்த நர்ஸம்மாவுக்குக் கனத்த உடம்பு, கண்ணெல்லாம் தூக்கம். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் யாரையும் தொடுவார். மனைவியின் பாவாடை நாடாவைத் தளர்த்தினார். இடுப்பில் பீடியால் சுட்டது போல் ஒரு கருப்புப் பொருக்கு.

“ஏம்மா, இதைச் சொல்லலையா?”

“நாடா உரசுன புண்ணுதான்க்கா,” என்றாள் மனைவி.

“சருகுல இருக்கற பொடி உண்ணி கடிச்சதும்மா. காய்ச்சலே இதாலதான்.” என்னைப் பார்த்தார். “பொண்டாட்டி இடுப்ப நீயும் பாக்கலையா?”

“வேலை முடிஞ்சு வந்தா படுத்துடுவோங்க.”

“நானும் அப்படித்தான்,” என்றார்.

மருந்து மாற்றியதும் காய்ச்சல் இறங்கியது. வீட்டுக்கு வந்துவிட்டோம்.

கொதிக்கிற உடம்பைத் தொட அவர் எதற்குக் கையைச் சூடாக்கினார் என்று இன்னும் தெரியவில்லை. இப்போது தோப்பிலிருந்து வந்ததும் மனைவியின் இடுப்பையும் முதுகையும் பார்க்கிறேன். அதற்குமுன் நானும் கையைத் தேய்த்துக்கொள்கிறேன்.