மல்லாட்டைக்கு வந்த அம்மை

1. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், துரு நோய் பிடித்த மல்லாட்டை இலைகளைத் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரை எங்கள் சோதனை வயலில் நானே தெளித்தேன்.
2. பத்தாம் நாள் இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடிப் புள்ளிகள் வந்தன. சந்தோஷப்பட்டேன்.
3. மூன்று வாரம் கழித்து, வரப்புக்கு அந்தப் பக்கம், அடுத்தவர் செடியிலும் அதே புள்ளிகள்.

மூன்றாவதையும் அதே நோட்டில் எழுதி, தேதி போட்டேன்.

எழுபதுகளின் கடைசி. விவசாயப் படிப்பு முடித்ததும் கிடைத்த முதல் வேலை. திருவண்ணாமலையில் அறை எடுத்துத் தங்கி, தினமும் கீழ்பென்னாத்தூருக்கு பஸ். அங்கே குத்தகை நிலத்தில், ஊரில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையில் நாற்பது ரகங்களை விதைத்து, வேண்டுமென்றே நோயைப் பரப்பி, எது தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். தாங்கியதை வைத்துத்தான் அடுத்த ஒட்டு ரகம் உருவாக்குவார்கள். வரப்போரம் இன்னும் இடம் விட்டிருக்க வேண்டும். நாற்பதையும் அடைப்பதற்காக நான் விடவில்லை. வரைபடம் போட்டது நான்தான்.

மூன்றாவதை எழுதிய அன்று பொழுது சாயும் நேரத்தில், பக்கத்து நிலத்து அக்கா இடுப்பில் குடமும் கையில் வேப்பங்கொத்துமாக வரப்பில் நின்றார். மஞ்சள் தண்ணீர். கொத்தை முக்கி முக்கிச் செடிகள்மேல் தெளித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா பண்றீங்க?"

"பாத்தா தெரியல? அம்மா வந்துருக்கா பாப்பா. உன் பக்கம் ஜாஸ்தி, என் பக்கம் கம்மி. மூணு தண்ணி ஊத்துனா எறங்கிடுவா. உன் செடிக்கும் சேத்தே ஊத்திட்டேன். ஆபீஸ்ல சொல்லி ஒரு டீயாவது வாங்கிக் குடு."

இலை இரவு முழுக்க ஈரமாக இருந்தால்தான் துரு முளைக்கும். நான் சாயங்காலமாகப் பார்த்துத் தெளித்ததும் அதற்காகத்தான். நான் பரப்புவதற்குச் செய்ததையே அவர் குணமாக்குவதற்குச் செய்துகொண்டிருந்தார்.

"ஊத்தாதீங்கக்கா. ஈரம் பட்டா இன்னும் பரவும்."

"எனக்கு ஊத்தல? நான் பொழைக்கல?"

சின்ன வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தவர். முகம் முழுக்கத் தழும்பு. அதைக் காட்டித்தான் கேட்டார். அவர் வீட்டுக்கு வருஷத்து எண்ணெயும் அடுத்த பட்டத்து விதையும் அந்த முக்கால் காணி நிலத்திலிருந்துதான். சொன்னால் வேலை போகும். செடியெல்லாம் பிடுங்கப்படும். இந்த மனுஷி மண்ணை வாரித் தூற்றுவார். மூன்றையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"இது அம்மா இல்லக்கா. நோய். நான்தான் என் கையால தெளிச்சேன்."

அக்கா குடத்தை வரப்பில் இறக்கி வைத்தார். பிறகு சிரித்தார்.

"அம்மாவ நீ கூட்டினு வந்தியா? அவ்ளோ பெரிய ஆளா நீ? பயந்துட்டே, போய்ப் படு." ஈரக் கொத்தால் என் தலையில் மூன்று தட்டு தட்டினார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நம்பாதது இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் மேலதிகாரியிடம் சொன்னேன். அக்கா நிலத்துக்கு மருந்து அடிக்கலாமா என்று கேட்டேன். "காத்துல நம்ம வயலுக்கும் வரும், சோதனை கெட்டுடும். எழுத்துல எதுவும் வேணாம்மா" என்றார். நோட்டில் இருந்ததை நானும் ஆபீஸுக்கு எழுதவில்லை.

அக்கா மூன்றாம் தண்ணீரும் ஊற்றினார். காய் முற்றுவதற்குள் பாதி இலை உதிர்ந்தது. பிடுங்கியபோது பெரும்பாலும் பருப்பில்லாத பொக்கு, விதைக்குத் தேறவில்லை. என் நாற்பதில் இரண்டு ரகங்கள் புள்ளியில்லாமல் நின்றன. அவை ஊர் நிலத்துக்கு விதையாக வர இன்னும் பல வருஷம் ஆகும். அறிக்கையில் பக்கத்து நிலத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.