பள்ளிக் கதவிலிருந்து கிழிக்கப்பட்ட துக்க அறிவிப்பு

2023 மார்ச் 6, திங்கட்கிழமை காலை, எங்கள் ஊர்ப் பள்ளியின் முன்கதவில் நான் என் கையால் ஒட்டிய ரோசாந்தா வுக்மிரின் துக்க அறிவிப்பு, முதல் மணி அடிப்பதற்குள் கிழித்தெடுக்கப்பட்டது. உத்தரவிட்டவர் தலைமையாசிரியர் ஒப்ராத். இது என் முதல் குற்றச்சாட்டு. காரணத்தை எழுத்தில் கேட்டேன், தர மறுத்தார். இது இரண்டாவது.

இந்த ஊரில் துக்க அறிவிப்புகளை அச்சிடுபவன் நான். தொழிலை யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. மூடிப்போன ஓர் அச்சகத்தின் இயந்திரத்தை வாங்கி, பிரித்துப் பூட்டி, நானே கற்றுக்கொண்டேன். அச்சிட்ட எதிலும் ஒரு படியைக் கோப்பில் வைப்பது என் வழக்கம். எனவே வழக்கம் என்ன என்பதைத் தலைமையாசிரியர் எனக்கு விளக்க வேண்டியதில்லை. இறந்தவரின் வீட்டு வாசலில் ஒன்று, சந்தைக்கு அருகே உள்ள பலகையில் ஒன்று, அவர் வேலை பார்த்த இடத்தின் கதவில் ஒன்று. நாற்பது நாள் அது அங்கே இருக்கும். மழை கிழிக்கலாம், காற்று கிழிக்கலாம், மனிதர் கிழிப்பதில்லை.

அன்று தம் முறைக்கு வாசலில் காவல் நின்ற இளம் ஆசிரியர், கிழிந்த தாளை என்னிடம் நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"திஹோமிர் அண்ணே, என் மேல கோவிச்சுக்காதீங்க. மேல இருந்து சொன்னாங்க."

"என்னன்னு சொன்னாங்க?"

"அவங்க நம்ம ஸ்கூல்ல ரிட்டயர் ஆகலையாம்."

உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் தலைநகருக்கு மாறிப் போய், அங்கேயே ஓய்வு பெற்று, அங்கேயே இறந்தார். அவருடைய அறிவிப்பு இதே கதவில் நாற்பது நாளும் இருந்தது. அதையும் நான்தான் அச்சிட்டேன். படி என்னிடம் இருக்கிறது. ஆகவே சொல்லப்பட்ட காரணம் காரணமல்ல. உண்மைக் காரணத்தை அறிய வேண்டுமானால் ரோசாந்தாவின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். பள்ளி சொல்லாது. நான் சொல்கிறேன்.

அவர் மலையடிவாரக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். வேதியியல் படித்துவிட்டு எங்கள் ஊருக்கு வந்தபோது கையில் ஒரு பெட்டியும் வாயில் ஒரு சிகரெட்டும் இருந்தன என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். திருமணம் செய்துகொள்ளவில்லை. இனிமையாகப் பேசியவர் என்று நான் எழுதினால் அவரே எழுந்து வந்து அடித்துத் திருத்துவார். மாணவர்கள் அவருக்கு அஞ்சினார்கள். பெற்றோர் அதைவிட அதிகமாக அஞ்சினார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதபோது தெரியாது என்று சொன்ன ஆசிரியர் என் அறிவில் அவர் ஒருவர்தான்.

எங்கள் ஊரின் நடுவே லெஸ்கா ஆறு ஓடுகிறது. அக்டோபரில் இங்கே எல்லா வீட்டிலும் பிளம்ஸ் பழச் சாராயம் காய்ச்சுவார்கள். வடித்தபின் செம்பு அண்டாவின் அடியில் மிஞ்சும் புளித்த கசடை ஆற்றில் கொட்டுவார்கள். தண்ணீர் பழுப்பாகும், ஒரு வாரம் புளிப்பு நாறும், மீன்கள் வயிறு வெளுத்து மிதக்கும். ஊர் அதற்குக் குற்றவாளியாக எப்போதும் மேலே உள்ள தோல் பதனிடும் ஆலையைக் கைகாட்டியது. ஆலை மூடிய பிறகும் கைகாட்டியது.

2009 இலையுதிர் காலத்தில், நீர் மாசைத் தடுப்பது குறித்து மாணவர்கள் பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அரசிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மற்றப் பள்ளிகளில் மீன் படம் வரைந்து கூடத்தில் மாட்டினார்கள். ரோசாந்தா ஏழாம் வகுப்பிடம் சொன்னது இது. சொன்னதை அப்படியே எனக்குச் சொன்னவள் அந்த வகுப்பு மாணவி விதா.

"அழுவுற மீன் எவன் வரைஞ்சாலும் ஒண்ணுதான் மார்க். மீன் அழுவாது. அழ வேண்டியவங்க வேற."

ஒன்று என்பது எங்கள் பள்ளிகளில் தோல்வி.

அவர் கற்பித்த முறை வேறு. முதலில் ஒரு சாடியில் ஆற்றுநீரையும் உயிருள்ள மீன்குஞ்சையும் வைத்து, ஒரு கரண்டிக் கசடை ஊற்றினார். குஞ்சு மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடியதும் அதை வேறு சாடிக்கு மாற்றிக் காப்பாற்றினார். கசடு அழுகும்போது தண்ணீரில் உள்ள மூச்சை அதுவே தின்றுவிடுகிறது என்றார். அதன்பின் வகுப்பை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதி எடுத்துச் சொல்பவர்கள், மறுபாதி ஊர்க்காரர்கள். ஊர்க்காரர்கள் திட்ட வேண்டும், மற்றவர்கள் கோபப்படாமல் பேசி முடிக்க வேண்டும்.

"ஊருக்குப் புத்தி சொல்லப் போறவன் முதல்ல ஏச்சு வாங்கப் பழகணும். விதா, நீ உங்க தாத்தாவா பேசு."

விதா தாத்தாவாகவே மாறினாள். "அடி போடீ. எங்கப்பன் காலத்துலேருந்து ஆத்துலதான் ஊத்துறோம். மீனுக்கு மட்டும் கொஞ்சம் போதை வேண்டாமா?"

வகுப்பு சிரித்தது. எதிரே நின்ற பையனும் சிரித்துவிட்டான்.

"நீ தோத்துட்ட, உக்காரு," என்றார் ரோசாந்தா. "சிரிச்சா அவர் சொன்னத ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம். அடுத்த ஆளு வா."

இப்படிப் பழகியபின் துண்டறிக்கைகளோடு அவர்களைச் சந்தைக்கு அனுப்பினார். அச்சிட்டது நான். மாலைக்குள் அந்தத் துண்டறிக்கைகளில் மிளகாயும் சூரியகாந்தி விதையும் பொட்டலமாகிக்கொண்டிருந்தன. ஏச்சுக் கிடைத்திருந்தாலாவது பழகியது பயன்பட்டிருக்கும். யாரும் ஏசவில்லை. யாரும் படிக்கவில்லை.

மறுநாள் ரோசாந்தா விதாவையும் இன்னும் சிலரையும் அழைத்துக்கொண்டு, புதிய துண்டறிக்கை அடிக்க என் அச்சகத்துக்கு வந்தார். அப்போது தெருவில் போன ஒரு பெண் என் சன்னலில் உலர்ந்துகொண்டிருந்த துக்க அறிவிப்பைக் கண்டு, பையைக் கீழே வைத்து, முழுவதும் படித்து, சிலுவைக் குறி போட்டுவிட்டுப் போனார். பின்னால் வந்தவரும் நின்று படித்தார்.

விதா கேட்டாள். "டீச்சர், நம்ம தாளக் காசு குடுத்தாலும் படிக்க மாட்டாங்க. இத மட்டும் ஏன் எல்லாரும் நின்னு படிக்கிறாங்க?"

ரோசாந்தா சிகரெட்டை அணைத்தார். பிறகு என்னிடம், "திஹோமிர், ஒரு சாவு வந்திருக்கு. அச்சடிக்கணும்" என்றார்.

வாசகத்தை மாணவர்களே எழுதினார்கள். கறுப்புக் கரை, மேலே சிலுவைக்குப் பதிலாக ஒரு கொடிக்கிளை, நடுவே படம். இறந்தவர் நன்றாக இருந்தபோது எடுத்த படத்தைப் போடுவதுதான் வழக்கம் என்று நான் சொன்னதால், கோடையில் பாலத்திலிருந்து எடுத்த லெஸ்காவின் படத்தைக் கொண்டுவந்தார்கள். வாசகம் இது:

'எங்கள் அன்பிற்குரிய லெஸ்கா ஆறு, ஊற்றப்பட்ட சாராயக் கசடால் மூச்சுத் திணறி இந்த அக்டோபரில் காலமானாள் என்பதை உற்றார் உறவினருக்குத் துயரத்துடன் அறிவிக்கிறோம். அடக்கம் கிடையாது. உடலைக் கல்பாலத்திலிருந்து எந்நேரமும் காணலாம். துயருறும்: ஏழாம் வகுப்பு.'

எந்த வீட்டின் பெயரும் அதில் இல்லை. பெயர் போடக்கூடாது என்பது ரோசாந்தாவின் கண்டிப்பு. துக்க அறிவிப்பை எப்படி ஒட்டுவார்களோ அப்படியே ஒட்டுங்கள் என்று மட்டும் சொன்னார். மாணவர்களும் அப்படியே செய்தார்கள். கம்பங்களில் ஒட்டினார்கள், சந்தைப் பலகையில் ஒட்டினார்கள். பிறகு, இறந்தவரின் வீட்டு வாசலிலும் ஒட்ட வேண்டுமே, ஆற்றுக்கு வீடு எது என்று கேள்வி எழுந்தது. ஆறு எங்கே இறந்ததோ அதுதான் வீடு என்று ஒரு மாணவர் சொல்ல, கரையோரம் அண்டா வைத்திருந்த வீடுகளின் வாசற்கதவுகளில் ஒட்டிவிட்டார்கள்.

அவற்றில் ஒன்று தலைமையாசிரியர் ஒப்ராத்தின் தாயார் ஸ்தோய்னாவின் வீடு. அவர் கடைக்குப் போய்த் திரும்பியபோது கண்ணாடி அணிந்திருக்கவில்லை. எழுத்து தெரியவில்லை, கறுப்புக் கரை தெரிந்தது. தன் வீட்டுக் கதவில் கறுப்புக் கரை என்றால் போனது யார் என்று ஒரு தாய்க்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மகனின் பெயரைக் கூவிக்கொண்டே விழுந்தார். மணிக்கட்டு பிசகியது.

அது தவறு. தவறில்லை என்று நான் வாதிடவில்லை, ரோசாந்தாவும் வாதிடவில்லை. அன்றே போய் அந்த அம்மையாரின் முன் நின்றார். ஆனால் ஊர் கொதித்தது அந்த மணிக்கட்டுக்காக அல்ல. எல்லாரும் உயிரோடிருக்கும் வீட்டில் சாவை ஒட்டிவிட்டாள் என்று தெருத்தெருவாகப் பேசியவர்களில் பெரும்பாலோர், தங்கள் கதவில் இருந்ததைத் தெளிவாகப் படித்தவர்கள். படித்ததனால்தான் கொதித்தார்கள்.

பள்ளியில் விசாரணை நடந்தது. அச்சிட்டவன் என்பதால் என்னையும் அழைத்திருந்தார்கள். ஒப்ராத் கேட்டது ஒன்றே ஒன்று.

"எங்க அம்மா வீட்டுக் கதவுல ஒட்டுனது எந்தப் புள்ள?"

"நான்தான்," என்றார் ரோசாந்தா.

"டீச்சர், அந்த நேரத்துல நீங்க எட்டாம் வகுப்புல பாடம் எடுத்துக்கிட்டு இருந்தீங்க."

"அப்ப பாடம் எடுத்துக்கிட்டே ஒட்டுனேன்னு எழுதிக்குங்க."

"பேரச் சொன்னா உங்களுக்கு வெறும் எச்சரிக்கையோட போயிரும். அந்தப் புள்ளைக்கு நடத்தைல மார்க் கொறைப்போம், அவ்வளவுதான்."

"மேல்நிலைப் பள்ளிக்குப் போற புள்ளைக்கு அது 'அவ்வளவுதான்' இல்லைன்னு உங்களுக்கும் தெரியும். உங்க அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன் சார். காப்பி போட்டுக் குடுத்தாங்க. ஆத்துகிட்ட நீங்க எப்பப் போறீங்க?"

பெயர் கடைசிவரை வெளிவரவில்லை. ரோசாந்தாவை மலைக்கு மேலே ஒரு கிளைப் பள்ளிக்கு மாற்றினார்கள். குளிர்காலத்தில் பேருந்து ஏறாத ஊர் அது. 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்று எழுதிய மாற்றல் விண்ணப்பத்தை அவர்களே தட்டச்சு செய்து அவர் முன் வைத்தார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் ஏழாம் வகுப்பு முழுவதற்கும் நடத்தையில் குறைப்போம் என்றார்கள். போட்டார். எனக்கும் தண்டனை வந்தது. நெடுங்காலம் இந்த ஊர் தன் சாவுகளைப் பக்கத்து ஊரில் அச்சிட்டது. அது எனக்குச் செய்யப்பட்ட அநீதி. அதை வேறொரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இங்கே அதைக் கோரவில்லை.

இப்போது பள்ளி மறைக்க விரும்புவதைச் சொல்கிறேன். அடுத்த அக்டோபரில் கரையோரம் முதல் கசடுக்குழியை வெட்டியது யார்? ஒப்ராத்தின் வீட்டார். வெட்ட வைத்தவர் ஸ்தோய்னா. அந்த அம்மையார் என் கடைக்கே வந்து சொன்னார்.

"என் மவன்கிட்ட சொல்லிட்டேன் தம்பி. என் கதவுல கறுப்புத் தாளு ஒட்டுறது நான் செத்த அன்னிக்குத்தான். அதுவரைக்கும் ஒரு சொட்டு ஆத்துல ஊத்தக் கூடாது."

பிறகு பக்கத்து வீடு வெட்டியது. அதன் பிறகு எதிர்க்கரை. சுண்ணாம்பு தூவி மூடிய அந்தக் கசடு இன்று பழத்தோட்டங்களுக்கு எருவாகிறது. எவரும் மனம் திருந்தியதாக நான் நம்பவில்லை. தங்கள் கதவில் மறுபடி அந்தத் தாளைக் காண யாரும் விரும்பவில்லை, அவ்வளவுதான். லெஸ்காவுக்கு அது போதுமானதாக இருந்தது. அக்டோபரில் பாலத்தில் நின்றால் இப்போது கூழாங்கல் தெரிகிறது.

சில ஆண்டுகளுக்குப் பின் பள்ளியின் முன்கூடத்தில் ஒரு பித்தளைப் பலகை மாட்டப்பட்டது. ஆற்றைக் காத்த மாணவர் விழிப்புணர்வுப் பணிக்காகத் தலைமையாசிரியர் ஒப்ராத்தின் தலைமைக்கு வழங்கப்பட்டது என்று அதில் பொறித்திருக்கிறது. ரோசாந்தாவின் பெயர் இல்லை. அதைப் பற்றி அவரிடம் சொன்னேன். கிளைப் பள்ளியின் அடுப்புக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பித்தளைய மீன் திங்காது. விடு."

நான் விடவில்லை. பலகையைப் புகைப்படம் எடுத்து வைத்தேன்.

ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பி, பாலத்துக்கு அருகே ஓர் அறையில் இருந்தார். மார்ச் 4 அன்று இறந்தார். அறிவிப்பை அடிக்கச் சொல்லி வந்தவள் விதா. இப்போது அவளே ஆசிரியை, வேறு ஊரில். 'துயருறும்' என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டேன். உறவினர் யாரும் இல்லை.

"ஏழாம் வகுப்புன்னு போடுங்க மாமா," என்றாள்.

அந்தத் தாளைத்தான் ஒப்ராத் கிழிக்கச் சொன்னார். காரணம் இப்போது தெளிவு. அந்தக் கதவில் அவர் பெயர் இருந்தால், உள்ளே போகிறவர்கள் அதைப் படித்துவிட்டுப் பத்தடி நடந்து பித்தளைப் பலகையையும் படிப்பார்கள். இரண்டையும் ஒரே நாளில் படிக்கும் ஒரு மாணவன் கேள்வி கேட்பான்.

ஏப்ரல் 12 ரோசாந்தாவின் நாற்பதாம் நாள். எங்கள் வழக்கப்படி, இறந்தவருக்குப் படைக்கும் வேகவைத்த கோதுமையோடு நாங்கள் கல்லறைக்குப் போவோம். அதற்குள் அந்த அறிவிப்பு பள்ளியின் முன்கதவில் மீண்டும் ஒட்டப்பட வேண்டும். புதிய படி அச்சிட்டுத் தயாராக வைத்திருக்கிறேன், ஒட்டுவதற்கு நானே வருவேன். மறுப்பதானால், எந்த விதியின்படி மறுக்கப்படுகிறது என்பதைத் தலைமையாசிரியர் ஒப்ராத் தம் கையெழுத்துடனும் பள்ளி முத்திரையுடனும் எனக்கு எழுதித் தர வேண்டும். காவல்முறை ஆசிரியர் வழியாக அனுப்பும் வாய்ச்சொல்லை நான் ஏற்க மாட்டேன். இந்தத் தாளின் ஒரு படி சந்தைப் பலகையில், துக்க அறிவிப்புகளின் நடுவே ஒட்டப்பட்டிருக்கிறது. அவர் தரும் பதிலும் வந்த அன்றே அதன் அருகில் ஒட்டப்படும்.

எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

திஹோமிர், அச்சகர்