பழுது பார்ப்பவர் பார்த்த ஆட்டம்

லிஃப்ட்டுக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் பொத்தானைத் தேடுவார்கள். இவர் சுவரில் காதை வைப்பார். மேலே ஏறும்வரை கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கூட நிற்பவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும், "கேட்குதா? ரோலர் தேயுது. இன்னும் நாலு மாசம் தாங்கும்" என்பார். ஐந்தாம் மாடிக்குப் போகவேண்டியவர்கள், பாவம், இரண்டாம் மாடியிலேயே இறங்கிப் படியேறிப் போவார்கள்.

லிஃப்ட் பழுது பார்ப்பது இவருக்கு இருபத்தாறு வருடத் தொழில். புது மாடல் வந்தால் அதன் கையேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். பழுதுப் பட்டியல் அங்கேதான் இருக்கும். "எப்படி ஓடும்னு ஓட்டுறவன் தெரிஞ்சுக்கட்டும். எங்க நிக்கும்னு எனக்குத் தெரிஞ்சா போதும்" என்பது இவர் கட்சி. மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. அவர் கொண்டுவரும் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூட இவர் பக்கவிளைவுகளிலிருந்துதான் ஆரம்பிப்பார். படித்து முடித்ததும், அத்தனையும் தனக்கு ஏற்கெனவே இருக்கிறது என்பார்.

இப்படிப்பட்டவருடைய மகள் பள்ளியின் லாக்ராஸ் அணியில் சேர்ந்துவிட்டாள். நுனியில் சின்ன வலைப்பை கட்டிய கம்பால் பந்தைப் பிடித்து, ஏந்திக்கொண்டே ஓடி, எதிரணியின் கோலுக்குள் வீசும் ஆட்டம் அது. வீட்டில் யாரும் அதுவரை கேள்விப்பட்டதில்லை. கம்பைப் பார்த்த மனைவி, ஒட்டடை அடிக்க ஆகுமா என்று விசாரித்தார்.

பெற்றோர் கூட்டத்தில் பயிற்சியாளர் அம்மா பொறுமையாக வழி சொன்னார். ஆட்டம் தெரியாதவர்கள், எந்த வயதானாலும், சனிக்கிழமை காலை வகுப்புக்கு வரலாம், கம்பு அவர்களே தருவார்கள். இல்லையா, சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடிக்கலாம். அதுவும் முடியாதா, நாலு ஆட்டம் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "ரூல் புக் இருக்கா மேடம்?" என்றார் இவர்.

கடைசிப் பக்கம்தான், சந்தேகமே வேண்டாம். தவறுகளும் தண்டனைகளும். கோலைச் சுற்றி ஒரு வட்டம் உண்டு, தாக்க வருகிறவர்களின் கால் அதற்குள் படக்கூடாது. கம்பு யார் தலைக்கும் பக்கத்தில் போகக்கூடாது. இப்படி ஒன்றரைப் பக்கம். ஒரே வாரத்தில் அத்தனையும் மனப்பாடம். ஒரு அணிக்கு எத்தனை பேர் என்று மனைவி கேட்டபோது மட்டும், "அந்தப் பக்கத்துக்கு இன்னும் வரலை" என்றார்.

சுவர் வழியையும் ஒருநாள் முயன்று பார்த்தார். வீட்டுச் சுவருக்கு மனைவி அனுமதி தரவில்லை. எனவே, ஒன்பது மாடிக் கட்டிடம் ஒன்றின் உச்சியில், லிஃப்ட்டின் மோட்டார் அறையில் வைத்துக்கொண்டார். மூன்றாவது எறிதலில் பந்து கயிறு இறங்கும் துவாரம் வழியாகக் கீழே குழிக்குள் விழுந்தது. அதை எடுக்க லிஃப்ட்டை நிறுத்தவேண்டியதாயிற்று. நிறுத்தினால் பதிவேட்டில் எழுத வேண்டும். பொய் எழுதிப் பழக்கமில்லாத மனிதர். "காரணம்: பந்து. பந்துக்குக் காரணம்: நான்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

முதல் ஆட்டத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையில் போய் எல்லைக்கோட்டருகே கைகட்டி நின்றார். கடைசி நிமிடம். இரண்டு அணியும் சமம். மகள் மூன்று பேரை ஏமாற்றிவிட்டுப் பாய்ந்து பந்தை வீசினாள், உள்ளே போய்விட்டது. தோழிகள் கட்டிப்பிடிக்க ஓடி வருவதற்குள், நிதானமான, மைதானம் முழுக்கக் கேட்கும்படியான ஒரு குரல்: "இடது கால் வட்டத்துக்குள்ள. கட்டைவிரல் மட்டும்தான். ஆனா உள்ள."

நடுவரும் அதைப் பார்த்திருந்தார். ஆனால் அவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் இவர் முந்திக்கொண்டார். கோல் செல்லாது என்றாகி, பந்து எதிரணிக்குப் போனது. ஆட்டமும் கூடவே போனது.

வீட்டுக்குத் திரும்பும் காரில் மகள் கம்பின் வலை முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். பிறகு, "அப்பா, இனிமே என் மேட்ச்சுக்கு நீங்க வர வேண்டாம்" என்றாள்.

"நடுவரும் அதையேதானே பாப்பா சொன்னாங்க?"

"அவங்க என் அப்பா இல்லையே."

அன்று இவர் சரியாகச் சாப்பிடவில்லை. மகள் ஓடுவதை இனிப் பார்க்கவே முடியாதோ என்ற கவலை. "பழுதைப் பார்த்துட்டு சொல்லாம எப்படி இருக்கிறது?" என்று மனைவியிடம் இரண்டு முறை கேட்டார்.

"சொல்லாம இருக்கப் பழகணும்ங்க" என்றார் மனைவி.

பஞ்சாயத்தும் அவர்தான் செய்துவைத்தார். ஒரு மாதம் சனிக்கிழமை வகுப்புக்குப் போய் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டால் இன்னொரு வாய்ப்பு. அடுத்த ஆட்டத்தில் இவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தாலும் அதோடு சரி.

போனார். வகுப்பில் இவரைத் தவிர எல்லோருக்கும் ஏழெட்டு வயது. கொடுத்த கம்பும் அந்த அளவுதான். முதல் இரண்டு வாரம் ஒரு பந்துகூட வலையில் தங்கவில்லை. "விறைச்சுக்கிட்டு நிக்காதீங்க சார். பந்து வரும்போது கம்பும் கொஞ்சம் பின்னால போகட்டும்" என்றார் பயிற்சியாளர். போகவிட்டார். நல்ல லிஃப்ட் மாடியில் வந்து நிற்பதுபோல, பந்து அலுங்காமல் வலைக்குள் உட்கார்ந்தது. இவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பக்கத்தில் நின்ற பொடிசிடம், "பிடிச்சுட்டேன்" என்றார்.

"நான் போன வருஷமே பிடிச்சுட்டேன் அங்கிள்" என்றாள் அவள்.

போன வாரம் அடுத்த ஆட்டம். மனைவி முன்னெச்சரிக்கையாக இவர் முழங்கையைப் பிடித்தபடி நின்றார். மறுபடியும் சமம், மறுபடியும் கடைசி நிமிடம். தரையில் உருண்ட பந்துக்கு இரண்டு பேர் பாய்ந்தார்கள். மகள் முந்திக்கொண்டு, எதிராளி எடுத்துவிடாதபடி கம்பின் தலையைப் பந்தின்மேல் கவிழ்த்து மூடினாள். அப்படி மூடக்கூடாது, அப்பட்டமான தவறு. நடுவருக்கு முன்னால் உயரமான பெண்ணொருத்தி நின்று மறைத்ததால் விசில் வரவில்லை.

மகள் நடுவரைப் பார்க்கவில்லை. நேராக அப்பாவைப் பார்த்தாள்.

இவர் வாய் திறந்தது. மனைவியின் பிடி இறுகியது. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு, இவர் மெல்லக் குனிந்து, நாடாவே இல்லாத தன் செருப்புக்கு மிகுந்த கவனத்தோடு நாடா கட்டத் தொடங்கினார்.