ஒரு மெழுகுவர்த்தி வேண்டி

கீழ்க்கட்டளையில் தனியே வாழ்பவர் சுந்தர்சிங், ஓய்வுபெற்ற அலுவலர். அவர் மனைவி ஞானஜோதி இத்தாலியில் ஒரு மூதாட்டியைப் பேணும் பணிக்குச் சென்று, நோயுற்று, அம்மண்ணிலேயே அடக்கமானார். கல்லறைத் திருநாளில் இங்குள்ளோர் தம்மவர் கல்லறைகளைக் கழுவிப் பூச்சூட்டி ஒளியேற்றுவர். சுந்தர்சிங்குக்குக் கழுவக் கல்லறை இல்லை.

இவ்வாண்டு மூதாட்டியின் மகள் மார்த்தா, அந்நாளில் கல்லறையை வீடியோ அழைப்பில் காட்டுவதாகச் செய்தி விடுத்தாள். அவள் இத்தாலியன் மட்டுமே அறிவாள். கைபேசி வழியே மொழிபெயர்த்து எழுதிக் கேட்டுவிடலாம். ஆயினும் ஞானஜோதிக்கான விளக்கைத் தம் வாயாலேயே வேண்டிப் பெற விழைந்தார் அவர்.

"பொத்ரெப்பே அச்செந்தெரே உனா கந்தேலா, பெர் ஃபவோரே?" என்று கைபேசியின் இத்தாலியன் பாடத்தைப் பார்த்துச் சுவரை நோக்கிப் பயின்றார். தயைகூர்ந்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற இயலுமா என்பது அதன் பொருள்.

மாடிவீட்டு வேதா எட்டிப்பார்த்தார். "சார், யார்ட்ட கெஞ்சிண்டிருக்கேள்? சுவரா ஏத்தப்போறது?"

"வேணும்னு நேரா கேட்டா அங்க முரட்டுத்தனமாம் மேடம். முடியுமான்னுதான் கேக்கணுமாம்."

"அக்காட்ட ஒரு காபியாவது இப்படிக் கேட்டிருக்கேளா?"

"வீட்ல அதெல்லாம் யாரு கேக்கறா? டம்ளர தட்டுவேன், வந்துடும்."

வேதா சிரித்தார். சுந்தர்சிங்கும் சிரிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

கல்லறைத் திருநாளன்று பிற்பகல் அழைப்பு வந்தது. பளிங்கில் ஞானஜோதியின் பெயர். அருகே வெண் சாமந்தி. மார்த்தா தன் பையிலிருந்து மெழுகுவர்த்தியைத் தானே எடுத்துக்காட்டி, "கந்தேலா?" என்றாள். மகிழ்ச்சியில் அவர் நம்மூர் வழக்கப்படி தலையை இருபுறமும் சாய்த்து இசைவு தெரிவித்தார். அவளோ மறுப்பெனக் கொண்டு, மெழுகுவர்த்தியைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

அவர் பதறிக் கைகூப்பினார். பயின்ற சொற்கள் ஒவ்வொன்றாய், இடறி இடறி, வெளிவந்தன. "…பெர் ஃபவோரே?"

அவள் உற்றுக் கேட்டாள். முகம் மலர்ந்து திரியை ஏற்றினாள். சுடர் காற்றில் ஒருமுறை தாழ்ந்து, பின் நிமிர்ந்து நின்றது.

"கிராட்ஸியே," என்று நன்றி கூறினார். அவள் கையசைத்தாள். இன்னும் சற்று நேரம் காட்டுங்கள் என்று வேண்ட அவர் வாய் திறந்தார். அதற்கான சொற்களை அவர் பயிலவில்லை. திரை இருண்டது.

அவர் கைபேசியில் அடுத்த இத்தாலியன் பாடத்தைத் திறந்தார்.